கடலைத் தேடினால் கடலை மிட்டாய் வருமா?

இணையம்: கேள்வி – பதில்

போன இதழில், தளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருள் பற்றி எழுதினாலும் எழுதினேன், வந்த கடிதங்களில் முக்கால்வாசி தளத்தின் மூலையில் இருக்கும் அந்தத் தேடல் பெட்டியைப் பற்றித்தான். அதிலும் பெரும்பாலானவை நம்ம வடசென்னைப் பக்கத்துக் கடிதங்கள். அதனால் இந்த மாதம் ஹோஸ்டிங், டொமைன், பேமென்ட் கேட்வே எதையும் தொடவில்லை. கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

ராயபுரத்திலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர்: நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து வடசென்னை வரலாற்றுக் கட்டுரைகளை ஒரு வேர்ட்பிரஸ் தளத்தில் போட்டு வருகிறோம். 'கப்பல்' என்று தேடினால் துறைமுகம் பற்றிய பெரிய கட்டுரையே வருவதில்லை. 'தேர்' என்று போட்டால் தேர்தல் செய்தியெல்லாம் வந்து நிற்கிறது. தேடலுக்கென்று தனி பிளகின் (தளத்தோடு சேர்க்கும் துணை நிரல்) போடச் சொல்கிறான் பேரன். போடலாமா? எதைப் போடுவது?

பேரன் சொல்வது சரிதான் சார். ஆனால் அவசரமாகப் போட்டால், 'முன்பு வந்ததுகூட இப்போது வரவில்லை' என்று எனக்கு அடுத்த கடிதம் எழுதுவீர்கள். முதலில் இப்போது உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

வேர்ட்பிரஸோடு வரும் தேடலுக்குச் சொல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதே தெரியாது. நீங்கள் தட்டிய எழுத்து வரிசை, பதிவின் தலைப்பிலோ சுருக்கத்திலோ உள்ளடக்கத்திலோ எங்கேயாவது அப்படியே இருக்கிறதா என்று டேட்டாபேஸைத் துழாவும், அவ்வளவுதான். தேர் என்ற வரிசை தேர்தலிலும் இருக்கிறது, தேர்விலும் இருக்கிறது. திருவொற்றியூர்த் தேர் கூட்டத்தில் காணாமல் போகிறது. 2013இல் வந்த 3.7 பதிப்பிலிருந்து தலைப்பில் அந்தச் சொல் உள்ள பதிவுகளை முன்னால் காட்டுகிறது. அதற்கு முன்னால் தேதி வரிசை மட்டும்தான். டேக், கமென்ட், கஸ்டம் ஃபீல்டு (பதிவோடு தனியாக வைக்கும் கூடுதல் விவரக் கட்டம்) இதையெல்லாம் அது எட்டிப் பார்ப்பதே இல்லை.

கப்பல் விவகாரம் வேறு. கணினிக்கு 'ல்' என்பது ஓர் எழுத்தல்ல. 'ல' ஒன்று, அதன் தலையில் இருக்கும் புள்ளி இன்னொன்று. நீங்கள் தேடும் கப்பல் புள்ளியில் முடிகிறது. கப்பலில், கப்பலுக்கு, கப்பலை என்று எழுதும்போது அந்தப் புள்ளி கழன்று, அந்த இடத்தில் வேறு குறி வந்து உட்கார்ந்துவிடுகிறது. உங்கள் துறைமுகக் கட்டுரையில் கப்பல் என்ற சொல் வேற்றுமை உருபு இல்லாமல் ஒருமுறைகூட வந்திருக்காது என்று நினைக்கிறேன். சோதிக்க வேண்டுமென்றால், புள்ளி இல்லாமல் 'கப்பல' என்று தட்டிப் பாருங்கள். கட்டுரை வந்து நிற்கும். ராயபுரம் இன்னும் மோசம். ராயபுரத்தில் என்று ஆனதும் 'ம்' முழுசாகப் போய்விடுகிறது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பிளகின் போட்டவுடன் இந்தத் தொல்லை தீர்ந்துவிடாது. பிளகின் செய்கிற வேலை இன்டெக்ஸ் போடுவது. புத்தகத்தின் கடைசியில் சொல்லடைவு இருக்குமே, அதுதான். எந்தச் சொல் எந்தப் பதிவில் எத்தனை தடவை வருகிறது என்று தனி டேபிளில் எழுதி வைத்துக்கொண்டு, தேடும்போது கட்டுரைகளைத் துழாவாமல் அந்த டேபிளை மட்டும் பார்க்கும். அதனால் தேர் வேறு, தேர்தல் வேறு என்று அதற்குப் புரியும். உங்கள் இரண்டாவது பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. ஆனால் கப்பல் ஒரு சொல், கப்பலில் இன்னொரு சொல் என்றுதான் அதுவும் எழுதி வைக்கும். இதை நாம்தான் சொல்லித்தர வேண்டும்.

நான் உங்களுக்குச் சொல்வது ரெலெவன்சி என்ற பிளகின். பின்லாந்துக்காரர் ஒருவர் எழுதியது. இலவசப் பதிப்பே உங்களுக்குப் போதும். போடுவதற்கு முன்னால் ஹோஸ்டிங் பேனலில் டேட்டாபேஸுக்கு எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பதிவுகள் இருக்கும் டேபிளைப் போல மூன்று மடங்கு வரை இன்டெக்ஸுக்கு இடம் பிடிக்கலாம் என்று அதன் குறிப்பிலேயே எச்சரிக்கை இருக்கிறது. மலிவுத் திட்டத்தில் இருப்பவர்கள் இதைப் பார்க்காமல் போட்டுவிட்டு, தளம் படுத்ததும் பிளகினைத் திட்டுகிறார்கள்.

நிறுவியதும் அமைப்புகளில் இன்டெக்ஸிங் பகுதிக்குப் போங்கள். எந்த வகைப் பதிவுகளைச் சேர்ப்பது என்று கேட்கும். கட்டுரை, பக்கம் இரண்டையும் டிக் செய்யுங்கள். மீடியாவை விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் போட்டோ பெயரெல்லாம் முடிவுகளில் வந்து நிற்கும். கீழே குறைந்தபட்சச் சொல் நீளம் என்று ஒன்று இருக்கும். அதில் 3 என்று இருப்பதை 2 ஆக்குங்கள். பூ, தீ, கை இதெல்லாம் கணினிக் கணக்கில் இரண்டு குறிதான். 3 என்று விட்டால் இவை இன்டெக்ஸிலேயே ஏறாது. பூக்கடை பற்றி எழுதுகிற ஊரில் பூ கிடைக்காவிட்டால் எப்படி? அப்புறம் 'பில்ட் த இன்டெக்ஸ்' பொத்தானை அழுத்திவிட்டு, அது முடியும்வரை பக்கத்தை மூடாமல் இருங்கள். இந்த அமைப்பை எப்போது மாற்றினாலும் மறுபடி இன்டெக்ஸ் போட வேண்டும். பலர் மாற்றுவார்கள், பொத்தானை மறந்துவிடுவார்கள்.

அடுத்தது சினனிம் பட்டியல், அதாவது ஒரே பொருளுக்கு வழங்கும் வேறு வேறு சொற்கள். உங்கள் தளத்துக்கு இதுதான் உயிர். ஒரே இடத்துக்கு வடசென்னையில் எத்தனை பெயர்! ராயபுரம், இராயபுரம். வண்ணாரப்பேட்டை, வாஷர்மேன்பேட். 1949இல் தி.மு.க.வின் தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்த ராபின்சன் பூங்காவை இன்றைக்குப் பிள்ளைகள் அண்ணா பூங்கா என்றுதான் தேடுவார்கள். பழைய தேடல் எழுத்து வரிசையைப் பார்த்ததால், ராயபுரம் என்று தட்டினால் இராயபுரமும் கூடவே வந்துகொண்டிருந்தது. புதியது முழுச் சொல்லைப் பார்ப்பதால் அது தவறிப்போகக்கூடும். நான் முதலில் சொன்ன 'முன்பு வந்தது இப்போது வரவில்லை' இதுதான். ஆகவே ஒரு சொல், சமக்குறி, இன்னொரு சொல் என்று வரிவரியாக எழுதிவிடுங்கள். இரண்டு பக்கமும் எழுத வேண்டும். ராயபுரத்துக்கு இராயபுரம், இராயபுரத்துக்கு ராயபுரம். சினனிம்களையும் சேர்த்து இன்டெக்ஸ் செய்யவா என்று ஒரு டிக் பெட்டி இருக்கும், அதையும் போடுங்கள். உங்கள் குழுவில் ஊரை நன்றாகத் தெரிந்தவர் யாரோ அவரிடம் இந்தப் பட்டியலைக் கொடுங்கள். கணினி தெரிந்தவரிடம் கொடுக்காதீர்கள்.

கடைசியாகக் கப்பல். ரெலெவன்சியில் ஸ்டெம்மர் என்று ஒரு ஹூக், அதாவது நம் நிரலைச் செருகிக்கொள்ள ஓர் இடம், இருக்கிறது. இன்டெக்ஸ் போடும்போதும் தேடும்போதும் ஒவ்வொரு சொல்லையும் நம் கையில் கொடுத்து, 'வெட்ட வேண்டியதை வெட்டிக் கொடு' என்று கேட்கும். பேரன் பி.எச்.பி.யில் நிரல் எழுதத் தெரிந்தவர் என்றால் ஒரு மாலைப்பொழுது வேலை. த்தில், த்துக்கு, த்தின், த்தை, ம் என்று முடிந்தால் அவ்வளவையும் வெட்டு. ராயபுரம், ராயபுரத்தில் எல்லாம் 'ராயபுர' ஆகிவிடும். இல், உக்கு, இன், ஆல், ஐ இவற்றின் குறிகளோடு முடிந்தால் அதை வெட்டு, வெறும் புள்ளியில் முடிந்தால் புள்ளியை வெட்டு. கப்பல் குடும்பம் முழுக்கக் 'கப்பல' ஆகிவிடும். கள் விகுதியை முதலிலேயே கழற்றிவிடச் சொல்லுங்கள். நீளமான விகுதியை முதலில் பார்க்க வேண்டும், குட்டியைக் கடைசியில்.

இதில் வில்லங்கமும் உண்டு. கடல், கடலை இரண்டையும் வெட்டினால் இரண்டுமே 'கடல' ஆகும். காசிமேட்டுக் கடலைத் தேடுபவருக்குக் கடலை மிட்டாய்க் கட்டுரையும் வரும். மால், மாலை இரண்டுக்கும் இதே கதி. இதை இலக்கண விதி போட்டுத் தீர்க்கப் பார்த்தால் தீராது. கடலை என்பது கடலுக்கு இரண்டாம் வேற்றுமையும்தானே! வரலாற்றுத் தளத்துக்கு நான் இதைச் சகித்துக்கொள்வேன். வர வேண்டியது வராமல் போவதைவிட, வேண்டாதது ஒன்றிரண்டு பின்னால் வந்துவிட்டுப் போகட்டும். மளிகைக் கடைத் தளமாக இருந்தால் என் பதில் வேறாக இருக்கும்.

எல்லாம் செய்தும் முடிவுகளில் மாற்றமே இல்லை என்றால் உங்கள் தீம் மேல், அதாவது தளத்தின் தோற்ற வடிவமைப்பின் மேல், சந்தேகப்படுங்கள். தேடல் பக்கத்துக்கான கோப்பில் வேர்ட்பிரஸ் தரும் முடிவுகளை எடுத்துக்கொள்ளாமல், தானாகத் தனிக் கேள்வி ஒன்றை டேட்டாபேஸுக்கு அனுப்பும் தீம்கள் உண்டு. அங்கே எந்தத் தேடல் பிளகினும் நுழைய முடியாது. ஒரு நிமிடம் வேர்ட்பிரஸின் சொந்தத் தீமுக்கு மாற்றித் தேடிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

தங்கசாலைத் தெருப் பக்கம் பாத்திர மொத்த வியாபாரம் செய்யும் வாசகி: வூகாமர்ஸில் (வேர்ட்பிரஸுக்கான கடைப் பிளகின்) கடைத் தளம் வைத்திருக்கிறோம். வாடிக்கையாளர்கள் மாடல் நம்பரைப் போட்டுத் தேடினால் 'எதுவும் இல்லை' என்று வருகிறது. சரக்கு கடையில் இருக்கிறது! இன்னொன்று, சௌகார்பேட்டை என்று தேடினால் எங்கள் முகவரிப் பக்கமே வருவதில்லை.

மாடல் நம்பரை எஸ்.கே.யூ. (சரக்கின் அடையாள எண்) கட்டத்தில் போட்டிருப்பீர்கள். அட்மினில் நீங்கள் தேடும்போது அது வரும், வாடிக்கையாளர் தேடும்போது வராது. அது பொருளின் விவரணையில் இல்லை, தனி ஃபீல்டில் இருக்கிறது, சாதாரணத் தேடல் அங்கே பார்ப்பதில்லை. மேலே ஆசிரியருக்குச் சொன்ன அதே பிளகினில் கஸ்டம் ஃபீல்டு என்ற இடத்தில் எஸ்.கே.யூ. ஃபீல்டின் பெயரைச் சேர்த்து மறுபடி இன்டெக்ஸ் போடுங்கள். பெயருக்கு முன்னால் ஓர் அடிக்கோடு வரும், விட்டுவிடாதீர்கள்.

உங்கள் நம்பர்கள் கே-204, கே-310 என்று நடுவில் சிறுகோட்டோடு இருக்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். சிறுகோட்டை இடைவெளியாக மாற்றுவதுதான் பிளகினின் வழக்கம். அப்போது கே தனி, 204 தனி. கே ஆங்கிலத்தில் ஒற்றை எழுத்து, அது கழிந்துவிடும். மிச்சம் 204. வாடிக்கையாளரோ போனில் அவசரத்தில் கே204 என்று சேர்த்துத்தான் தட்டுவார். ஆகவே நிறுத்தற்குறி அமைப்பில் சிறுகோட்டை 'நீக்கு' என்று மாற்றிவிடுங்கள். கோட்டோடு தட்டினாலும் சேர்த்துத் தட்டினாலும் ஒன்றாகிவிடும்.

இப்போது சௌகார்பேட்டை. உங்கள் முகவரிப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன் அம்மா. கண்ணுக்கு எல்லாம் சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் தட்டச்சு செய்தவர் 'ச'வோடு ஔகாரக் குறியைப் போடாமல், 'செ' போட்டுப் பக்கத்தில் 'ள' போட்டிருக்கிறார். திரையில் இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். கணினிக்கு இரண்டும் சம்பந்தமே இல்லாத இரண்டு சொல். இதே போலத்தான் கௌரி, பௌர்ணமி, மௌனம் எல்லாம் தமிழ் இணையம் முழுக்க இரண்டு விதமாகக் கிடக்கின்றன. சவுகார்பேட்டை என்று எழுதுகிறவர்கள் தனி.

'ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ் போட்டு மொத்தமாக மாற்றிவிடலாமே' என்று உங்கள் பையன் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து கையை எடுக்கச் சொல்லுங்கள்! எகரக் குறிக்குப் பின்னால் ளகரம் வருவதையெல்லாம் ஔகாரமாக மாற்றினால், நீங்கள் விற்கும் வெள்ளிக் கிண்ணம் அத்தனையும் உடைந்துவிடும். தெளிவு போய்விடும், கெளுத்தி மீன் போய்விடும், வெளியூர் டெலிவரி போய்விடும். ளகரத்துக்கு அடுத்து புள்ளியோ வேறு உயிர்க்குறியோ இருந்தால் தொடாதே, வெறும் ளகரமாக நின்றால் மட்டும் மாற்று என்று விதி வைத்தால் கிட்டத்தட்ட சரியாக வரும். அதையும் டேட்டாபேஸைப் பிரதி எடுத்த பிறகுதான் செய்ய வேண்டும். உங்களுக்கு அவ்வளவு தேவையில்லை. முகவரிப் பக்கத்தைக் கையால் திருத்திவிட்டு, மூன்று எழுத்து வடிவங்களையும் சினனிமாகப் போட்டால் தீர்ந்தது.

ஒகரக் குறியிலும் இந்தச் சிக்கல் உண்டு, ஆனால் அதற்கு வைத்தியம் இருக்கிறது. 'கொ' என்பதை ஒரே குறியாகவும் தட்டலாம், எகரக் குறியும் ஆகாரக் குறியும் என்று இரண்டாகவும் தட்டலாம். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடின் விதிப்படியே அவை இரண்டும் சமம். என்.எஃப்.சி. என்ற ஒழுங்குமுறையில் போட்டால் ஒன்றாகிவிடும். ளகரம் போட்டு ஏமாற்றிய ஔகாரம் அந்தச் சலுகையில் சேராது.

வியாசர்பாடி கல்லூரி மாணவர்: அக்கா, எங்கள் ஏரியா ஃபுட்பால் டீமுக்கு ஹ்யூகோவில் (பக்கங்களை முன்கூட்டியே கட்டித் தரும் மென்பொருள்) சைட் செய்திருக்கிறேன். சர்வர் கிடையாது. லன்ர் என்ற தேடல் நிரலைப் போட்டுத் தேடல் வைத்தேன். '2023' என்று தேடினால் வருகிறது. 'கோப்பை' என்றால் ஒன்றுமே வரவில்லை. என்ன தப்பு?

தப்பு உன்னுடையது இல்லை தம்பி. லன்ர் ஒவ்வொரு சொல்லையும் இன்டெக்ஸில் ஏற்றும் முன் டிரிம்மர் என்று ஒரு சல்லடையில் போடும். சொல்லின் முன்னாலும் பின்னாலும் ஒட்டிக்கொண்டிருக்கும் காற்புள்ளி, மேற்கோள் குறி எல்லாவற்றையும் உதிர்ப்பது அதன் வேலை. அதன் கண்ணுக்கு ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மூன்றும்தான் எழுத்து. மற்ற எல்லாம் தூசு. கோப்பை முழுக்கத் தூசாகி உதிர்ந்துவிட்டது. 2023 எண் என்பதால் பிழைத்தது.

டிரிம்மரைப் பைப்லைனிலிருந்து (சொல் கடந்து வரும் படிவரிசை) எடுத்துவிட்டாலே தமிழ் வரும். அல்லது லன்ர்-லேங்குவேஜஸ் தொகுப்பில் தமிழுக்கென்று ஒரு கோப்பு இருக்கிறது, அதைச் சேர். ஆனால் நீ இப்போதுதான் தொடங்குகிறாய் என்பதால் பேஜ்ஃபைண்ட் என்ற இன்னொரு தேடல் நிரலுக்கு மாறிவிடு என்பேன். லன்ரில் மொத்த இன்டெக்ஸையும் பார்வையாளரின் போன் இறக்கிக்கொள்ள வேண்டும். பேஜ்ஃபைண்ட் அதைத் துண்டு துண்டாக வெட்டி வைக்கும், தேடும் சொல்லுக்குத் தேவையான துண்டு மட்டும் இறங்கும். கிரவுண்டில் நின்றுகொண்டு டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவழிக்கிற பசங்கதானே உன் வாசகர்கள்.

ஹ்யூகோ பப்ளிக் ஃபோல்டரை உருவாக்கி முடித்ததும், அந்த ஃபோல்டரைக் காட்டிப் பேஜ்ஃபைண்டை ஓட்ட வேண்டும். அதற்குள்ளேயே தன் பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டுக்கொள்ளும். சைட்டை ஏற்றும்போது அதுவும் சேர்ந்து ஏறும். இரண்டு விஷயத்தை மட்டும் கவனி. ஹ்யூகோ அமைப்பில் மொழிக் குறியீடு ஆங்கிலமாக இருக்கும், அதை டி, ஏ என்று தமிழுக்கு மாற்று. பேஜ்ஃபைண்ட் பக்கத்தின் மொழியைப் பார்த்துத்தான் விகுதியை வெட்டுகிறது, தமிழுக்கு அதனிடம் வெட்டும் விதிகள் இருக்கின்றன. இரண்டாவது, கட்டுரை இருக்கும் பகுதிக்கு மட்டும் பேஜ்ஃபைண்ட் பாடி என்ற அடையாளத்தைக் கொடு. இல்லாவிட்டால் பக்கத்தின் தலைப்பகுதி, பக்கவாட்டுப் பட்டை எல்லாம் இன்டெக்ஸில் ஏறி, 'தொடர்புக்கு' என்று தேடினால் சைட் முழுக்க வந்து நிற்கும். ஒவ்வொரு மேட்ச் ரிப்போர்ட் போட்ட பிறகும் இதை மறுபடி ஓட்ட வேண்டும் என்பதால், பில்ட் கட்டளையோடு சேர்த்தே எழுதி வைத்துவிடு.

பெரம்பூரிலிருந்து தொழிற்சங்கக்காரர் ஒருவர்: எங்கள் சங்க இதழின் பழைய பிரதிகளைப் பி.டி.எஃப்.களாகத் தளத்தில் ஏற்றியிருக்கிறோம். பி.டி.எஃப்.புக்குள்ளும் தேடும் என்று சொல்லிக் காசு கொடுத்து ஒரு பிளகின் வாங்கிப் போட்டோம். 'பின்னி மில்' என்று தேடினால் ஒரு இதழ்கூட வரவில்லை. பணம் வீணா?

தோழர், முதலில் ஒரு பி.டி.எஃப்.பைத் திறந்து ஒரு வரியைக் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். தமிழ் வருகிறதா, இல்லை ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து ஏதோ குப்பை வருகிறதா? நீங்கள் அனுப்பிய மாதிரியில் குப்பைதான் வந்தது.

இதைப் பார்த்ததும் எனக்குப் பழைய ஞாபகம். வெப்சைட் வேலைக்கு வருவதற்கு முன்னால் எம்.சி. ரோட்டில் ஒரு டி.டி.பி. கடையில்தான் இருந்தேன். பேஜ்மேக்கரில் கல்யாணப் பத்திரிகை, கட்சி நோட்டீஸ், சங்க இதழ் எல்லாம் அடித்த காலம். அப்போது நாம் அடித்தது எதுவும் கணினிக்குத் தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் மாட்டிவிட்ட ஃபாண்ட்கள் அவை. பாமினி ஃபாண்டில் 'தமிழ்' என்று திரையில் தெரிவது உள்ளே ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. புள்ளிக்கு அரைப்புள்ளியைத்தான் வைத்திருந்தார்கள். பிளகின் பி.டி.எஃப்.பைத் திறந்து உருவியது இந்தக் குப்பையைத்தான். போதாக்குறைக்கு அரைப்புள்ளியை நிறுத்தற்குறி என்று நினைத்துத் தூக்கியும் போட்டிருக்கும். நீங்கள் யூனிகோடில் தட்டுகிற 'பின்னி' அங்கே எப்படிக் கிடைக்கும்?

பணம் வீணா என்றால், இப்போதைக்கு வீண்தான். பிளகின்மேல் குறை சொல்லவும் முடியாது.

வழி இரண்டு இருக்கிறது. பேஜ்மேக்கர் மூலக் கோப்போ, காப்பி எடுக்க முடிகிற பி.டி.எஃப்.போ இருந்தால், உரையை எடுத்து என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற ஒன்றில் போட்டு யூனிகோடுக்கு மாற்றுங்கள். எந்த ஃபாண்ட் முறை என்று சரியாகச் சொன்னால்தான் சரியாக மாறும். பாமினி, டேப், டாம், டிஸ்கி ஒவ்வொன்றும் வேறு. ஒரே இதழில் தலைப்புக்கு ஒரு முறை, உள்ளே ஒரு முறை என்றும் அடித்திருப்போம், அதனால் பத்தி பத்தியாகப் பாருங்கள். அச்சுப் பிரதியை ஸ்கேன் செய்தது மட்டும்தான் இருக்கிறது என்றால் ஓ.சி.ஆர்., அதாவது படத்திலிருந்து எழுத்தை எடுக்கும் முறை. அதற்கு டெசராக்ட் இலவசம், தமிழுக்குத் தரவு இருக்கிறது. கூகுள் டிரைவில் ஏற்றி டாக்ஸில் திறந்தாலும் எழுத்தாக்கித் தரும். நல்ல அச்சென்றால் பரவாயில்லாமல் வரும். சைக்ளோஸ்டைல் நோட்டீஸ்களில் என்ன வருமோ, அதற்கு ஆள் உட்கார்ந்து திருத்தத்தான் வேண்டும்.

மாற்றிய உரையை மறுபடி பி.டி.எஃப். ஆக்காதீர்கள். யூனிகோடு பி.டி.எஃப்.களிலும் உருவும்போது எகர ஏகாரக் கொம்பு இடம் மாறி விழுவது சாதாரணம். ஒவ்வொரு இதழுக்கும் ஒரு பதிவு போட்டு, உரையை அதில் வையுங்கள். பி.டி.எஃப். இறக்கிக்கொள்ள மட்டும் கீழே இருக்கட்டும். எல்லா இதழையும் செய்ய ஆள் பலம் இல்லையென்றால், உள்ளடக்கப் பக்கத்தை மட்டுமாவது தட்டச்சு செய்து போடுங்கள். கட்டுரைத் தலைப்பும் எழுதியவர் பெயரும் கிடைத்தாலே தேடி வருபவருக்குப் பாதி வேலை முடிந்தது. அப்புறம் சினனிமில் பின்னி மில், பி அண்ட் சி மில், பக்கிங்ஹாம் கர்நாடிக் மில் மூன்றையும் கோத்துவிடுங்கள். 1921 வேலைநிறுத்தத்தைப் பற்றித் தேடி வரும் ஆய்வு மாணவர் எந்தப் பெயரில் வருவார் என்று சொல்ல முடியாது.

திருவொற்றியூர் வாசகர்: எங்கள் பள்ளி முன்னாள் மாணவர் சங்கத் தளம் டுருபலில் (வேர்ட்பிரஸ் போன்ற இன்னொரு மென்பொருள்) இருக்கிறது. பழைய பதிவெல்லாம் தேடலில் வருகிறது, நேற்றுப் போட்டது வரவில்லை.

கிரான், அதாவது குறித்த இடைவெளியில் தானாக நடக்கும் வேலை, ஓடவில்லை. டுருபலின் சொந்தத் தேடல், பதிவு போட்ட உடனே இன்டெக்ஸ் போடாது. கிரான் ஓடும்போதுதான் போடும், அதுவும் ஒரு ஓட்டத்துக்கு 100 பதிவு என்ற கணக்கில். தானியங்கிக் கிரான் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை என்று இருக்கும், ஆனால் யாராவது தளத்துக்கு வந்தால்தான் அது உசுப்பப்படும். ஆள் வராத தளத்தில் தூங்கும். அட்மினில் ஒருமுறை கையால் ஓட்டிப் பாருங்கள். வந்துவிட்டால், ஹோஸ்டிங் பேனலில் கிரான் வேலை ஒன்று வைத்துவிடுங்கள்.

எண்ணூரிலிருந்து ஒரு வாசகி: எங்கள் மகளிர் குழுவின் வேர்ட்பிரஸ் தளத்தைக் கூகுளில் தேடினால், எங்கள் முகவரியிலேயே புரியாத மொழியில் சூதாட்ட விளம்பரப் பக்கங்கள் வருகின்றன. யாராவது உள்ளே புகுந்துவிட்டார்களா?

நீங்கள் அனுப்பிய படத்தில் அந்த முகவரிகள் எல்லாவற்றிலும் கேள்விக்குறி, எஸ், சமக்குறி என்று இருக்கிறது. அது உங்கள் தேடல் பக்கம். யாரும் உள்ளே வரவில்லை. விளம்பர வாசகத்தையே தேடல் சொல்லாகப் போட்டு, அந்த இணைப்பை ஊரெல்லாம் தூவியிருக்கிறார்கள். 'இன்னாருக்கான தேடல் முடிவுகள்' என்று உங்கள் தளம் அந்த வாசகத்தைத் தலைப்பில் எழுதிக் காட்ட, கூகுள் அதை ஒரு பக்கம் என்று எடுத்துக்கொண்டுவிட்டது. 2021இல் வந்த 5.7 பதிப்பிலிருந்து தேடல் பக்கங்களை இன்டெக்ஸ் செய்ய வேண்டாம் என்று வேர்ட்பிரஸே தேடுபொறிகளுக்குச் சொல்லிவிடுகிறது. உங்களுடையது அதைவிடப் பழையது. முதலில் பிரதி எடுத்துக்கொண்டு புதுப்பியுங்கள். அந்தப் பக்கங்கள் கூகுளிலிருந்து உதிரக் கொஞ்ச காலம் ஆகும்.

அப்படியே தீம் செய்து கொடுத்தவரிடம் ஒன்று கேளுங்கள்: தேடல் சொல்லைத் திரையில் காட்டும்போது வடிகட்டிக் காட்டுகிறாரா, இல்லை முகவரியில் வந்ததை அப்படியே காட்டுகிறாரா? அப்படியே என்றால் அங்கே விளம்பரத்துக்குப் பதில் ஸ்கிரிப்ட்டையே செருகலாம். அது நிஜமாகவே புகுவதுதான்.

தண்டையார்பேட்டை வாசகர்: இவ்வளவு தொல்லை எதற்கு? எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருளைப் போட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்கிறார் நண்பர். இல்லை, கூகுளின் தேடல் பெட்டியையே வைத்துவிட்டால் என்ன?

எலாஸ்டிக்சர்ச் அருமையான சரக்குதான் அண்ணே, ஆனால் அதற்குத் தனி சர்வர் வேண்டும், ஜாவாவுக்குத் தாராளமாக மெமரி வேண்டும், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஒரே சர்வரைப் பலர் பங்கிடும் ஷேர்டு ஹோஸ்டிங்கில் நீங்கள் இருக்கிறீர்கள், அங்கே அது ஏறாது. லட்சக்கணக்கில் பதிவு வைத்திருக்கும் செய்தித் தளத்துக்குச் சரி. உங்களுடையது போன்ற கட்டிட கான்ட்ராக்டர் தளத்துக்கு வேண்டாம். எலாஸ்டிக்சர்ச்சிலும் கப்பல் – கப்பலில் தகராறை நீங்கள்தான் தீர்த்துக் கொடுக்க வேண்டும்.

கூகுள் பெட்டி வைக்கலாம். புரோகிராமபிள் சர்ச் என்ஜின் என்று பெயர், ஒரு துண்டு நிரலை ஒட்டினால் போதும். தமிழ் விகுதிகளை ஓரளவு சமாளிக்கும். இலவசத்தில் விளம்பரம் வரும், உங்கள் போட்டிக்காரர் விளம்பரமும் வரலாம். கூகுள் எடுத்துக்கொண்ட பக்கம்தான் கிடைக்கும், காலையில் போட்டது மாலையில் கிடைக்காமல் போகலாம். இதற்கெல்லாம் சரி என்றால் தாராளமாக வையுங்கள்.

ஆனால் யார் எதைத் தேடி ஏமாந்து போனார்கள் என்ற பட்டியல் உங்கள் அட்மினுக்குள் வராது. ரெலெவன்சியில் தேடல் பதிவேட்டை ஓட விட்டால், பலன் கிடைக்காத தேடல்கள் தனியாக வரிசைகட்டி நிற்கும். நீங்கள் சினனிம் எழுத வேண்டியது எதற்கு, கட்டுரையே எழுத வேண்டியது எதற்கு என்று அதைப் பார்த்தால் தெரியும். உங்கள் தளத்தில் 'தளம் போடுதல்', 'கான்கிரீட்', 'சென்ட்ரிங்' என்று மூன்று பக்கமும் இருக்கிறது. வாடிக்கையாளர் 'மாடி எடுக்க எவ்வளவு ஆகும்' என்று தட்டுவார்.